டப்ளினைப் பிளப்பதா?

அயர்லாந்தின் மேற்குப் பாகத்தில் பாலஹடரீன் என்றோர் ஊர் இருக்கிறது. 1898-ஆம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தை ஒட்டி ஜில்லா எல்லைகளைத் திருத்திய உத்தியோகஸ்தர்கள், அதுவரை மேயோ ஜில்லாவைச் சேர்ந்திருந்த அவ்வூரை எடுத்து ராஸ்காமன் ஜில்லாவில் சேர்த்துவிட்டார்கள். அன்று தொட்டு அவ்வூராருக்கு ஜில்லாக் கவுன்சில் ராஸ்காமன். சாலை பழுதானால் மனுக் கொடுப்பது ராஸ்காமனில். கவுன்சில் தேர்தலில் வோட்டுப் போடுவதும் ராஸ்காமனில். ஆனால் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டால் அவர்கள் மேயோக்காரர்கள்! 2017-ஆம் வருஷத்தில் கேலிக் கால்பந்தில் தேசத்தின் தலைசிறந்த வீரர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்டி மோரன் இவ்வூர்ச் சங்கத்தைச் சேர்ந்தவரே. அவர் தரித்தது மேயோவின் பச்சையும் சிவப்புமான சட்டை. சர்க்கார் தஸ்தாவேஜில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மாறிவிட்ட எல்லை, ஜனங்களின் மனத்தில் இன்னும் மாறவில்லை.

அயர்லாந்தின் தேசீய விளையாட்டுக்களை நடத்தி வரும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தில் டப்ளின் ஜில்லாவை இரண்டாகப் பிளக்கவேண்டும் என்ற யோசனை அவ்வப்போது தலைகாட்டுகிறது. 2002-இல் பீட்டர் குவின் தலைமையில் அமைந்த ஆலோசனைக் கமிட்டி, டப்ளினை வடக்கு, தெற்கு என்று இரு கட்சிகளாக்கலாம் என்று சிபார்சே செய்தது. சிபார்சு நிறைவேறவில்லை, ஆனால் மறையவுமில்லை. டப்ளின் கட்சி தொடர்ந்து வெற்றி பெறுகிற காலத்திலெல்லாம் அது எழுந்து உட்காருகிறது. இந்த யோசனை தவறானது என்பது நமது அபிப்பிராயம். ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அந்நாட்டில் எல்லை என்பது யார் வகுத்தது, எவ்வாறு ஜனங்களுடையதாயிற்று என்னும் சரித்திரத்தைச் சிறிது பார்க்கவேண்டும்.

அயர்லாந்தில் மாகாணங்கள் நான்கு. லென்ஸ்டரில் 12 ஜில்லாக்கள், அல்ஸ்டரில் 9, மன்ஸ்டரில் 6, கானாட்டில் 5, ஆக 32. மாகாணங்கள் பண்டைய ஐரிஷ் ராஜ்யங்களின் நினைவைச் சுமப்பவை. கவுண்டி என்று அங்கே வழங்கும் ஜில்லாக்களோ அப்படியல்ல. அவை படையெடுத்து வந்தவர் தம் சௌகரியத்துக்காக வெட்டிய துண்டுகள். நார்மானியர் தொடங்கிய வேலையை ட்யூடர் அரசர்கள் தொடர்ந்தார்கள். 1606-இல் விக்லோ ஜில்லா ஏற்பட்டதோடு கணக்கு முடிந்தது. வரி தண்டுவதற்கும், ஷெரீப்பை நியமிப்பதற்கும், ஆங்கிலச் சட்டத்தின்படி நியாய விசாரணை நடத்துவதற்கும் ஏற்பட்டவையே இவை. நாட்டின் நடுப்பாகத்தில் ஓ மோர், ஓ கானர் குலத்தாரின் நிலங்களைப் பறித்து ஆங்கிலேயரைக் குடியேற்றியபோது, 1556-இல், மேரி ராணியின் பெயரால் ‘ராணி ஜில்லா’ என்றும், அவள் கணவரான ஸ்பெயின் தேசத்து பிலிப்பின் பெயரால் ‘ராஜா ஜில்லா’ என்றும் இரண்டை உண்டாக்கினார்கள். பறித்த நிலத்துக்குப் பறித்தவர் பெயரையே சூட்டுவது ஏகாதிபத்தியத்தின் பழைய வழக்கம். இன்று அவ்விரண்டும் லீஷ், ஆபலி என்று ஐரிஷ் பெயர்களால் விளங்குகின்றன. பெயர் மாறியது; கோடு பெரும்பாலும் பழைய கோடுதான். அந்தக் கோட்டுக்குள் பிறந்த ஆபலி வாலிபன் தன் ஜில்லாவின் நிறங்களுக்காக இன்று மழையிலும் சேற்றிலும் ஓடுகிறான்.

இவ்விந்தை எவ்வாறு நிகழ்ந்தது? 1884-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ஆம் தேதி டிப்பெரரி ஜில்லாவின் தர்லஸ் நகரில், ஹேய்ஸ் என்னும் ஹோட்டலில், விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் கூடினார்கள். கிளேர் ஜில்லாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் மைக்கேல் குஸாக் அவர்களைக் கூட்டியவர். ஓட்டத்திலும் எறிதலிலும் பெயர் பெற்ற மாரிஸ் டாவின் தலைவரானார். ஆங்கிலேயர் விளையாட்டுக்கள் நாட்டை மூடிவருகின்றன, நம்முடைய ஹர்லிங் அழிந்துவருகிறது என்பது அவர்களுடைய கவலை. காஷெல் நகரத்து ஆர்ச்பிஷப் குரோக், பார்னெல், மைக்கேல் டேவிட் ஆகிய மூவரும் ஆதரவாளராக இருக்க இசைந்தனர். அன்னியனுடைய ஆட்டத்தை வேண்டாமென்று தள்ளிய இச்சங்கம், அன்னியன் வகுத்த ஜில்லாவைத் தள்ளவில்லை, எடுத்துக் கையாண்டது. ரயில் மார்க்கமும், பத்திரிகைகளும், சந்தைகளும், கோர்ட்டுகளும் ஏற்கெனவே ஜில்லாவை ஒட்டி அமைந்திருந்தன. ஸ்தாபன வேலைக்கு அதைவிட வசதியான அளவு வேறொன்று அப்போது கிட்டவில்லை.

எனினும் ஜில்லாப் பற்று என்பது முதல் நாளே பிறந்ததென்று எண்ணவேண்டாம். 1887-இல் முதலாவது அகில அயர்லாந்துப் போட்டி நடந்தபோது டிப்பெரரிக்காக ஹர்லிங் ஆடியது தர்லஸ் ஊர்ச் சங்கம். எதிரே கால்வேக்காக ஆடியது மீலிக் ஊர்ச் சங்கம். ஜில்லாவில் வென்ற சங்கம் ஜில்லாவின் பெயரைச் சுமந்து சென்றது, அவ்வளவே. 1892-இல்தான் அந்தச் சங்கம் ஜில்லாவின் மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி செய்தார்கள். நம்முடைய எண்ணத்தில் இச்சிறு விதியே பெரிய காரியத்தைச் செய்தது. நேற்றுவரை ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டிருந்த பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரே சட்டையில் தோளோடு தோள் நிற்கவேண்டியதாயிற்று. ஷெரீப்பின் எல்லை சகோதரரின் எல்லையாக மாறத் தொடங்கியது அப்போதுதான்.

அதற்குள் பார்னெல் விவகாரத்தால் தேசீயக் கட்சி இரண்டுபட்டு, அதில் பார்னெலின் பக்கம் நின்ற சங்கமும் நலிந்துபோயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாகாணக் கவுன்சில்கள் ஏற்பட்ட பிறகே அதற்கு மீண்டும் உயிர் வந்தது. ஜில்லாக்கள் தத்தம் மாகாணத்துக்குள் மோதும். நான்கு மாகாணங்களில் வென்றவை தேச பட்டத்துக்காக மோதும். இந்த ஏற்பாடு ஒரு நூற்றாண்டுக் காலம் அதிகம் அசையாமல் நின்றது.

ஜில்லாவுக்குக் கீழே அடித்தளமாக இருப்பது ஊர்ச் சங்கம். அதன் எல்லை அநேகமாகக் கத்தோலிக்கர் ‘பங்கு’ என்று சொல்லும் மாதாகோயில் வட்டாரம். மேற்றிராசன எல்லைகள் 1111-ஆம் வருஷத்து ராத் ப்ரெஸில் மகாசபையிலிருந்து தொடங்கி வகுக்கப்பட்டவை. ஜில்லாக்களில் பலவற்றுக்கு மூத்தவை. ஆகவே அடியில் இருப்பது திருச்சபையின் கோடு, மேலே இருப்பது ஆங்கில அரசரின் கோடு, அதற்கும் மேலே இருப்பது பழைய ஐரிஷ் ராஜ்யங்களின் கோடு. மூன்று எஜமானர்கள் மூன்று காலங்களில் கிழித்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சம்பளம் வாங்காத வாலிபர்களைக் கொண்டு ஒரு ஜன ஸ்தாபனம் கட்டப்பட்டிருக்கிறது. ஆட்டக்காரன் எந்தச் சங்கத்தில் வேண்டுமானாலும் சேர்ந்துவிட முடியாது. பிறந்து வளர்ந்த இடமே அவன் கட்சியைப் பெரும்பாலும் நிச்சயிக்கிறது. பணம் கொடுத்து வீரனை வாங்கும் வியாபாரம் அங்கே இல்லாதிருப்பதற்கு எல்லையே காவல்.

இப்படி வேரூன்றிய எல்லை, அதை உண்டாக்கிய சர்க்காரையே மிஞ்சி நிற்கிறது. டிப்பெரரி ஜில்லாவை 1838-இல் வடக்கு, தெற்கு என்று இரு கூறாக்கினார்கள். பின்னர் ஒவ்வொரு கூறுக்கும் தனிக் கவுன்சிலும் ஏற்பட்டு, 2014-இல்தான் இரண்டும் ஒன்றாயின. அவ்வளவு காலமும் ஹர்லிங் மைதானத்தில் டிப்பெரரி ஒன்றே. வட அயர்லாந்தில் 1973-இல் ஆறு ஜில்லாக்களும் ஸ்தல ஆட்சிக்கு உரிய தானம் இழந்தன. ஆட்சி வேறு வட்டங்களுக்குப் போயிற்று. ஆனால் டைரோனும் ஆர்மாவும் ஆட்டத்தில் உயிரோடு இருக்கின்றன. டப்ளின் விஷயமும் இதுவே. 1994-இல் டப்ளின் ஜில்லாக் கவுன்சிலைக் கலைத்து, அதன் இடத்தில் மூன்று புதிய கவுன்சில்களை வைத்தார்கள். நகரத்துக்கு ஏற்கெனவே ஒன்று உண்டு. இன்றைக்கு டப்ளின் என்னும் ஜில்லா ஒன்றாய் நின்று ஜனங்களின் கண்ணில் தோன்றும் இடம் விளையாட்டு மைதானமே. சர்க்கார் நான்காகப் பங்கிட்டதைச் சங்கமும் பங்கிட்டால் எஞ்சுவது என்ன?

நிற்க. எல்லை விஷயத்தில் இச்சங்கம் செய்த மகத்தான காரியம் ஒன்று உண்டு. 1920-ஆம் வருஷம் டிசம்பர் 23-ஆம் தேதி அயர்லாந்து அரசாங்கச் சட்டத்துக்கு மன்னரின் சம்மதம் கிடைத்தது. அல்ஸ்டர் மாகாணத்து ஒன்பது ஜில்லாக்களில் ஆறை வெட்டி எடுத்து வட அயர்லாந்து என்று தனி நாடாக்க அது வகை செய்தது. காவன், மானஹன், டானிகால் என்னும் மூன்றும் வெளியே விடப்பட்டன. ஒன்பதையும் எடுத்தால் யூனியன் கட்சிக்கு உறுதியான பெரும்பான்மை இராது; ஆறை எடுத்தால் இருக்கும். இதைவிட அந்தக் கோட்டுக்கு வேறு தர்மம் கிடையாது. அதே வாரத்தில் நாகபுரியில் கூடிய நமது காங்கிரஸ் மகாசபை, பிரிட்டிஷார் வகுத்த ராஜதானிகளை ஒதுக்கிவிட்டு, பாஷையை ஆதாரமாகக் கொண்டு தன் மாகாணக் கமிட்டிகளை அமைத்துக்கொண்டது. சென்னை ராஜதானி என்ற கதம்பத்தை அது தன் வேலைக்கு ஏற்கவில்லை. அடிமை நாட்டு ஸ்தாபனம் ஒன்று ஆள்பவனுடைய படத்தை வைத்துக்கொண்டே தன் படத்தைத் தானே வரையக்கூடும் என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி. காங்கிரஸ் பழைய கோட்டை அழித்துப் புதிது போட்டது; ஐரிஷ் சங்கம் பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு புதிய கோட்டை மறுத்தது. வழி வேறு, துணிவு ஒன்று.

பிரிவினைக்குப் பின் அயர்லாந்தின் ஸாக்கர் சங்கம் பெல்பாஸ்ட் என்றும் டப்ளின் என்றும் இரண்டாயிற்று. இன்றளவும் அத்தீவிலிருந்து இரு கட்சிகள் தனித்தனியே சர்வதேசப் பந்தயங்களுக்குப் போகின்றன. ரக்பி ஆட்டக்காரர்கள் பிளவுபடவில்லை என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் கேலிக் சங்கத்தைப்போலக் கிராமம் கிராமமாக வேரோடிய ஸ்தாபனம் வேறொன்றும் அந்தக் கோட்டை அலட்சியம் செய்யவில்லை. அதன் அல்ஸ்டர் கவுன்சிலில் ஒன்பது ஜில்லாக்களும் முன்போலவே அமர்ந்தன. அல்ஸ்டர் இறுதி ஆட்டம் பல்லாண்டுகளாக நடந்து வந்திருப்பது மானஹன் ஜில்லாவின் குளோனிஸ் நகரில். அங்கிருந்து எல்லை கூப்பிடு தூரம். சுங்கச் சாவடிகளும், பிற்காலத்தில் ராணுவக் காவல் நிலையங்களும் நின்ற பாதைகள் வழியே, ஆர்மாக்காரரும் டைரோன்காரரும் தத்தம் கொடிகளோடு அங்கே திரளுவார்கள். 1960-இல் டவுன் ஜில்லா கெர்ரியை வென்று சாம் மக்வயர் கோப்பையை முதன்முதலாக எல்லைக்கு வடக்கே கொண்டு சென்றது. 1993-இல் டெரி; 2002-இல் ஆர்மா; பின்னர் டைரோன் நான்கு முறை; 2024-இல் மீண்டும் ஆர்மா. பிரிட்டிஷ் ஆட்சியிலுள்ள ஒரு ஜில்லா டப்ளினுக்கு வந்து தேச பட்டம் பெற்றுச் செல்வதை அங்கே யாரும் அதிசயமென்று கருதுவதில்லை. அந்தச் சகஜமே வெற்றி.

இதில் ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. வடக்கே பிராடெஸ்டெண்டு ஜனங்கள் பெரும்பாலோர் இச்சங்கத்தைத் தமதென்று கருதவில்லை. பிரிட்டிஷ் படையினரும் வட அயர்லாந்துப் போலீஸாரும் அங்கத்தினராகக் கூடாதென்ற விதியைச் சங்கம் 2001 வரையில் வைத்திருந்தது. அவ்விதிக்குக் காரணங்கள் இருந்தன. கிராஸ்மக்லென் ஊர்ச் சங்கத்தின் மைதானத்தில் ராணுவம் பல்லாண்டுகள் ஆக்கிரமித்து நின்றதை யார் மறப்பார்? ஆயினும் படத்திலுள்ள கோட்டை மறுப்பது சுலபம், மனத்திலுள்ள கோட்டை மறுப்பது கடினம். வெற்றிக் கோப்பைக்குப் பெயர் தந்த சாம் மக்வயரே கார்க் ஜில்லாவைச் சேர்ந்த பிராடெஸ்டெண்டு தேசபக்தர் என்பதை இரு தரப்பாரும் நினைவில் வைப்பது நலம். 2020-இல் கிழக்கு பெல்பாஸ்டில் சகல சமயத்தாருக்கும் பொதுவாக ஒரு சங்கம் தொடங்கியிருப்பது நல்ல குறி. பம்பாயில் 1946 வரையில் இந்துக்கள் ஒரு கட்சி, முஸ்லிம்கள் ஒரு கட்சி, பார்ஸிகள் ஒரு கட்சி என்று கிரிக்கெட் ஆடி வந்ததையும், மகாத்மா காந்தி அதை 1940-இல் வெளிப்படையாகக் கண்டித்ததையும் நேயர்கள் அறிவார்கள். மதத்தால் பிரித்து ஆடுவதினும் ஊரால் பிரிந்து ஆடுவது ஆயிரம் மடங்கு மேல். ஊருக்குள் யாரும் புதிதாக வந்து குடியேறலாம். மதத்துக்கு அந்த வாசல் இல்லை.

இனி டப்ளினுக்கு வருவோம். 2022-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி டப்ளினில் சுமார் 14½ லட்சம் பேர். லீட்ரிமில் சுமார் 35 ஆயிரம் பேர். இரண்டும் ஒரே பட்டத்துக்குப் போட்டியிடும் இரண்டு ஜில்லாக்கள்! 2015 முதல் 2020 வரை கால்பந்தில் டப்ளின் தொடர்ந்து ஆறு முறை தேச பட்டம் பெற்றது. அதற்கு முன் எந்த ஜில்லாவும் ஐந்து முறைகூடத் தொடர்ந்து பெற்றதில்லை. லென்ஸ்டர் மாகாணப் பட்டத்தையோ 2011 முதல் 2024 வரை பதினான்கு வருஷம் வேறெவருக்கும் விடவில்லை. மற்ற ஜில்லாக்கள் என்ன நம்பிக்கையோடு பயிற்சி செய்யும்? பிளக்கவேண்டும் என்பவர்களின் வாதம் அற்பமானதல்ல.

ஆனால் ஜனத்தொகையே காரணமென்றால், அந்த ஜனத்தொகை 1995-க்கும் 2011-க்கும் இடையே எங்கே போயிருந்தது? அந்தப் பதினைந்து வருஷங்களில் டப்ளின் ஒரு முறைகூட தேச பட்டம் பெறவில்லை. ஹர்லிங்கிலோ டப்ளின் கடைசியாக வென்றது 1938-இல்! லட்சத்துக்குச் சற்று அதிகமான ஜனங்களையுடைய கில்கென்னி 36 தேச பட்டங்களோடு ஹர்லிங்கில் முதலிடத்தில் இருக்கிறது. கால்பந்தில் முதலிடம் ஒன்றரை லட்சம் பேருள்ள கெர்ரிக்கு. டப்ளினின் ஆறு வெற்றிகளுக்குத் தலைமுறைக்கு ஒருமுறை வாய்க்கும் வீரர்களும் காரணம். வளர்ச்சி நிதியில் மற்ற ஜில்லாக்களைவிடப் பன்மடங்கு அதிகமாக டப்ளினுக்குப் போனதும் காரணம். இரண்டாவதைத் திருத்தச் சங்கத்தின் பொக்கிஷதாரர் போதும். ஜில்லாவைப் பிளக்கும் கோடாலி எதற்கு?

தவிரவும், காலமே பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. 2021 முதல் 2025 வரையுள்ள ஐந்து வருஷங்களில் டப்ளின் தேச பட்டம் பெற்றது ஒரே தடவை. 2025-இல் மாகாணத்திலேயே மீத் அதை வீழ்த்தியது. இறுதி ஆட்டத்தில் அந்த மீத்தையும் வென்று லென்ஸ்டர் பட்டத்தை எடுத்துச் சென்றது எது? 32 ஜில்லாக்களிலும் பரப்பளவில் மிகச் சிறியதான லவுத்! அந்த ஜில்லா அப்பட்டத்தை அதற்கு முன் கண்டது 1957-இல். அறுபத்தெட்டு வருஷம் காத்திருந்து பெற்ற வெற்றி, பாதி டப்ளினை வென்ற வெற்றியாக இருந்திருந்தால் அதற்கு என்ன மதிப்பு? 2020-இல் காவன் அல்ஸ்டரையும், 1935-க்குப் பின் முதன்முறையாக டிப்பெரரி மன்ஸ்டரையும் வென்றபோது, அவற்றோடு டப்ளினும் மேயோவும் சேர்ந்து, நூறு வருஷத்துக்கு முன் 1920-இல் மாகாணங்களை வென்ற அதே நான்கு ஜில்லாக்கள் மீண்டும் அணிவகுத்து நின்றன. 1920 என்றால் குரோக் மைதானத்தில் பிரிட்டிஷ் படையினர் சுட்டுப் பதினான்கு பேர் மாண்ட வருஷம். மாண்டவர்களில் ஒருவர் டிப்பெரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். அன்று அவருக்கு எதிரே ஆடியது டப்ளின். வடக்கு டப்ளின் என்றும் தெற்கு டப்ளின் என்றும் ஆக்கிவிட்டால் இந்தச் சரித்திரத்துக்கு எந்தப் பாதி வாரிசு?

உண்மையில் மாற்றவேண்டியது ஜில்லாவை அல்ல, மாகாணங்களைக் கொண்டு தேசப் போட்டியை நடத்தும் முறையை. 12 ஜில்லாக்கள் ஒரு பக்கம், 5 ஒரு பக்கம் என்னும் சமமின்மைக்கு ஐரிஷ் அரசர்களின் நினைவு தவிர வேறு சமாதானம் இல்லை. கானாட்டில் இடம் இருந்ததால் லண்டனையும் நியூயார்க்கையும் அங்கே சேர்த்திருக்கிறார்கள்! 2023-இல் நியூயார்க் லீட்ரிமை வென்றும் விட்டது. மாகாண எல்லை வளையக்கூடியது என்பதை ஹர்லிங் முன்பே காட்டிவிட்டது. மேற்கே அட்லாண்டிக் கரையிலுள்ள கால்வே, தன் மாகாணத்தில் தகுந்த எதிரி இல்லாமையால், 2009 முதல் கிழக்கே லென்ஸ்டரில் ஹர்லிங் ஆடுகிறது. கால்பந்தை மட்டும் கானாட்டில் ஆடுகிறது. வானம் இடிந்து விழவில்லை. கால்வேக்காரர் கால்வேக்காரராகவே இருக்கிறார்கள்.

2021 அக்டோபரில் கூடிய சங்கத்தின் விசேஷக் காங்கிரஸில் (அவர்களும் அப்படித்தான் அழைக்கிறார்கள்), லீக் வரிசையை ஆதாரமாகக் கொண்டு தேசப் போட்டியை அமைக்கும் தீர்மானம் ஒன்று வந்தது. ஆதரவு நூற்றுக்கு 50.6; வேண்டியிருந்ததோ 60. மாகாணக் கவுன்சில்களுக்கு மாகாணப் போட்டியின் டிக்கட் வசூலே ஜீவனம் என்பதை அறிந்தவர்களுக்கு இம்முடிவு ஆச்சரியம் தராது. அதற்குப்பின் 2022-இல் பலம் குன்றிய ஜில்லாக்களுக்கென்று டெய்ல்டன் கோப்பையை ஏற்படுத்தியது பாதி வைத்தியம். லீட்ரிம் போன்றவற்றுக்கு அதனால் ஓரளவு நன்மை உண்டு. அந்தத் தீர்மானத்தைக் கவுன்சில்களின் வருமானத்துக்கு வேறு வழி காட்டும் ஷரத்து ஒன்றோடு சேர்த்து மறுபடியும் வோட்டுக்கு விடவேண்டும். மாகாணப் பட்டங்களை இளவேனிற் காலத்தில் தனியே நடத்திக்கொள்ளட்டும். வளர்ச்சி நிதியை ஜில்லாக்களின் தேவையை அளந்து பங்கிடட்டும். டப்ளினைப் பிளக்கும் பிரேரணையை மட்டும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டாம்.